வரைபடத்திலே கிணறும் வேண்டும்

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது முன்னோர் மொழி. அணை கோலுமுன் செய்யவேண்டியது யாது என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும்.

பொறியியற்றுறையை நாடும் மாணவர் பலர் எம்மிடம் பயில்கின்றனர். கணிதத்திலே அவர்கள் வல்லவர். ஆயினும், பெருந்திட்டமொன்றின் நன்மை தீமைகள் எக்கட்டத்திலே முடிவாகின்றன என்று வினவினால், கட்டும்பொழுது என்றே பெரும்பாலோர் விடை பகர்கின்றனர். அவர்களுக்கு நாம் எடுத்துக்காட்டுவது உமா ஓயாத் திட்டத்தையாகும்.

ஊவா மலைகளிலே இரு அணைகளால் நீரை மறித்து, மலையைக் குடைந்த நீண்ட சுரங்கவழியே தெற்கு நோக்கிச் செலுத்தி, நிலத்தின்கீழ் அமைந்த நிலையத்திலே 120 மெகாவாட் மின்சாரம் பெற்று, பின்னர் அந்நீரை வறண்ட தென்கிழக்குப் பகுதிக்கு அளிப்பதே இதன் நோக்கம். நோக்கம் நன்றே. 2008ஆம் ஆண்டிலே அடிக்கல்லும் நாட்டப்பட்டது.

2014ஆம் ஆண்டு டிசெம்பரிலே, பண்டாரவளைப் பகுதியில் அச்சுரங்கத்தினுள் நிலத்தடிநீர் பீறிட்டுப் பாய்ந்தது. மலை என்பது ஒரே கல்லன்று. அதன் பிளவுகளிலே தேங்கும் மழைநீரே ஊற்றாகவும் கிணறாகவும் மக்களுக்கு உதவுகின்றது. அப்பிளவுகளைச் சுரங்கம் ஊடறுப்பது நிறைகுடத்தின் அடியிலே துளையிடுவதை ஒக்கும். நீர்மட்டம் தாழ்ந்தது, கிணறுகள் வற்றின, நீர் வடிந்த மண் அமிழ, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017ஆம் ஆண்டிலே மக்கள் வீதிக்கு வந்து குரலெழுப்பினர். 2015ஆம் ஆண்டளவில் நிறைவெய்தவேண்டிய திட்டம் 2024 ஏப்பிரலிலேதான் திறந்துவைக்கப்பட்டது.

அந்நாட்களில் அவ்வழியே சென்றபோது வற்றிய கிணறொன்றை எட்டிப் பார்த்தோம். நட்டஈட்டுப் பணத்தைக் கிணற்றிலே போட்டால் ஊற்றுச் சுரக்குமா என்று அவ்வீட்டு மூதாட்டியார் எம்மைக் கேட்டார். ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே கிணற்றை நம்பி வளர்ந்த எமக்கு அக்கேள்வி நெஞ்சிலே தைத்தது.

மாணவர் உணரவேண்டியது இதுவே: சுரங்கம் காகிதத்திலே கோடாக இருக்கும்வரை, அதனை மாற்ற ஓர் அழிறப்பர் போதும். ஆழத் துளையிட்டுப் பாறையைச் சோதிக்கலாம். பிளவு மிகுந்த இடத்தை விலக்கி வேறு வழி வகுக்கலாம். குடையுமுன்னரே பிளவுகளிற் சீமெந்துக் கரைசலைச் செலுத்தி அடைக்க ஏற்பாடு செய்யலாம். குடையும் எந்திரம் மலையினுள் நுழைந்தபின் திசைமாற்றுதல் எளிதன்று. அப்பொழுது எஞ்சுவன தண்ணீர்ப் பவுசரும் நட்டஈட்டுப் பத்திரமுமே.

பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டுமென நம் நாட்டுச் சட்டம் விதித்துள்ளது. ஆனால், முடிவை முதலில் எடுத்துவிட்டு மதிப்பீட்டைப் பின்னர் எழுதுவது, தாலி கட்டியபின் சாதகம் பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆராய்ச்சிக்குச் செலவாகும் மாதங்களைத் தாமதம் என்று இகழ்வோர், பின்னர் இழந்த ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பாராக.

நிலைபேறு என்பது கட்டிமுடித்தபின் பூசும் வர்ணமன்று. அத்திவாரத்தோடு இடவேண்டிய கல்லாகும். நாளைய பொறியியலாளராகிய மாணவரே! முதற்கோட்டை இழுக்குமுன், அதன்மேல் வாழ்வோர் யார், அவர்தம் நீர் எங்கிருந்து வருகின்றது, இழப்பைச் சுமப்பவர் யார் என்று கேளுங்கள். பாறையறிந்த புவியியலாளரோடு, ஊற்றறிந்த உழவரையும் அம்மேசையிலே அமர்த்துங்கள்.