ஐந்தொகை

கேள்வி கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர்கள் உலகத்தில் உண்டு. வக்கீல்கள், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கள், பத்திரிகை நிருபர்கள். என் அக்காள் மகனுடைய உத்தியோகமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்பது இந்த முறை கோவிலூருக்குப் போயிருந்தபோது தெரிந்தது. ஒரு வித்தியாசம், அவன் கேட்பது யந்திரங்களிடம்.

சென்னைக் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் கோவிலூர் வீட்டு வளவில் உட்கார்ந்தே பார்க்கிறான். "விர்ச்சுவல் மெஷின், அம்மான்" என்றான். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காத எனக்கு அவன் சொன்ன விளக்கம் பிடிபடவில்லை. பிறகு அவனே கையை வீசி வளவைச் சுற்றிக் காட்டினான், புரிந்துவிட்டது. கூரை ஒன்று, தலைவாசல் ஒன்று. ஆனால் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அறை, தனிப் புள்ளி, தனி அடுப்பு. செட்டிநாட்டு வீடுகளில் நடந்த ஏற்பாடுதான். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் அப்படிக் குடியிருக்கின்றன. எத்தனை அடுப்பு எரிகிறது, எது அணைந்திருக்கிறது, எவ்வளவு விறகு செலவு என்று விசாரித்துத் திரையில் காட்டும் ஸாப்ட்வேரை எழுதுவது இவன் பிழைப்பு.

விசாரிப்பதில் என்ன கஷ்டம்? தூரம்தான் கஷ்டம். நானூறு மெஷின், ஒன்றுக்கு ஐந்து கேள்வி, கேள்வி போய்ப் பதில் வர வினாடியில் பத்தில் ஒரு பங்கு. கேட்கக் கொசுறுபோல இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டால் கூட்டிப் பாருங்கள்: இருநூறு வினாடி, மூன்று நிமிஷத்துக்கு மேல்! கடைசிப் பதில் வந்து சேருவதற்குள் முதல் பதில் பழங்கதையாகிவிடும்.

தாமதமாவது பொறுத்துக்கொள்ளக் கூடியது. அதைவிடப் பொல்லாத ஒன்றை அவன் சொன்னான். இந்த விசாரணைக்கு உலகத்தில் பலர் பயன்படுத்துவது லிப்வர்ட் என்ற நூலகம். 2005-ல் பிறந்தது, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆதியில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஓடுகிறவர்கள் யார்? ஓடாமல் நிற்கிறவர்கள் யார்? முதல் கேள்வியின்போது நின்றுகொண்டிருந்த மெஷின் ஒன்று, இரண்டாவது கேள்வி போவதற்குள் ஓடத் தொடங்கிவிட்டால்? இரண்டு பட்டியலிலும் அதன் பெயர் இராது. வீட்டில் இருக்கிற பிள்ளையை, இல்லவே இல்லை என்று எழுதிக்கொண்டு போகிற ஜனத்தொகைக் கணக்கு!

அவன் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி அதுவே நடந்திருக்கிறது. உரிமையாளர் இல்லாத வட்டுகளைத் துடைக்கிற நாள். பட்டியலில் காணாத மெஷின் ஒன்றின் வட்டும் துடைக்க வேண்டியவற்றில் சேர்ந்துவிட்டது. அதில் இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் நோயாளிகள் விவரம். கூட இருந்த அம்மாள் ஒருவர், "இதை மட்டும் காலையில் பார்த்துக்கொள்ளலாமே" என்று சொன்னதால் பிழைத்தது. காரணம் ஏதும் அவருக்குத் தெரியாது. தூக்கம்தான் காரணம் என்று என் அபிப்பிராயம். தூக்கத்துக்கு நாம் உரிய மரியாதை செய்வதில்லை.

2012-ல் லிப்வர்ட்டில் இரண்டு கேள்வியையும் ஒன்றாக்கினார்கள். ஓடுவதும் நிற்பதும் ஒரே மூச்சில், ஒரே பட்டியலில்.

இதை அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு மாடி அறையில் கிடக்கும் கணக்குக் கட்டுகள் ஞாபகம் வந்தன. எங்கள் பாட்டையாவுக்குப் பர்மாவில் கடை. 1942-ல் ஜப்பான்காரன் வரும் வரைக்கும் நடந்தது. ஏஜெண்டு அங்கே, முதலாளி இங்கே, நடுவில் வங்காள விரிகுடா. தபால் கப்பலில் போய்த் திரும்ப வேண்டும். 'இன்னாரிடம் பாக்கி எவ்வளவு' என்று ஆளுக்கொரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் கடை நடந்திருக்குமா? ஐந்தொகை வரும். ஒரு தேதியைக் குறித்து, அந்தத் தேதியில் உள்ளபடி வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, கையிருப்பு எல்லாம் ஒரே தாளில். குறிப்பையும் பேரேட்டையும் மூட்டை கட்டி அனுப்பமாட்டார்கள். அவை கடையில் இருக்கும், சந்தேகம் வந்தால் அந்த ஒரு புள்ளியை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

கட்டு ஒன்றை இறக்கிக் காட்டினேன். வெகு நேரம் புரட்டினான். "எங்கள் ஆட்கள் இதற்கு 2014-ல்தான் வந்து சேர்ந்தார்கள், அம்மான்" என்றான். அந்த வருஷம் எல்லா மெஷின்களின் செலவு விவரத்தையும் ஒரே கேள்வியில் வாங்க வழி செய்தார்களாம். ஆனால் எல்லா விவரமும் வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்கிறவன் முதுகு ஒடியும். ஆகையால் நினைவகம் மட்டும், வட்டு மட்டும் என்று வேண்டியதைக் குறித்துக் கேட்கலாம். சோம்பேறிப் புரோகிராமர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முக்கால்வாசியைத் தூக்கி எறிகிறார்களென்று அவனுக்கு மகா கோபம். அக்காளுக்கும் அதே கோபம் உண்டு. இலையில் மிச்சம் வைக்கிறவர்கள்மீது.

"ஒருத்தன் பதிலே சொல்லாமல் மல்லுக்கு நின்றால்?" என்று கேட்டேன்.

அதற்கும் 2018-ல் வழி கண்டிருக்கிறார்கள். வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிற மெஷினுக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே கிடைத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே போகலாம்.

"அப்போது அவன் பெயர்?"

"பெயர் இருக்கும். எதிரே சில கட்டங்கள் காலியாக இருக்கும். கம்பெனியில் அதைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வரியையே எடுத்துவிடு என்கிறார்கள். நான் எடுக்கமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அதற்குக் கூட்டமாம். ஐந்தொகைத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.