வாய்க்காலோரத்து மஞ்சள்

நவம்பர் 9, 2024, சனி

உயிரியல் புராஜெக்ட்: ‘வைரஸ்களும் அவை உண்டாக்கும் நோய்களும்’. வகுப்பில் பாதிப் பேர் கொரோனா, மீதிப் பேர் டெங்கு. போன வருஷத்து அக்காக்களின் சார்ட் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதிலிருக்கும் கொரோனா பலாப்பழம் மாதிரி இருக்கிறது. நானும் டெங்கு என்றே பெயர் கொடுத்தேன்.

வீட்டில் அப்பா முகம் சரியில்லை. வாய்க்காலோரத்து வயலில் சம்பா மஞ்சளடிக்கிறது. உரக்கடையில் சொன்னபடி ஜிங்க் சல்பேட் போட்டும் பச்சை திரும்பவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

டி.வி.யில் பெரிய கோயில் சதய விழா. பார்க்க உட்கார்ந்தவளை அப்பா வயலுக்குக் கூட்டிப்போனார்.

மஞ்சள் வயல் முழுக்க இல்லை, திட்டுத் திட்டாக. இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்து இறங்குகிறது. பக்கத்துத் தூர் முழங்காலைத் தொட, இது ஒரு சாண்தான். தூரைத் தட்டியதும் பச்சைப் பச்சையாகப் பூச்சி தெறித்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “பாப்பா, துங்ரோ மாதிரி இருக்கு. வைரஸ்.”

எனக்கு ஒரே குஷி. அப்பாவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 11, திங்கள்

தலைப்பை மாற்றக் கேட்டேன். பயிருக்கு வைரஸா என்று பின்பெஞ்சில் சிரிப்பு. மிஸ் சிரிக்கவில்லை. வைரஸ் என்ற ஒன்று உண்டென்று தெரிந்ததே 1890-களில், புகையிலைச் செடியின் நோயை ஆராய்ந்தபோதுதானாம்.

ராத்திரி மாமா போனில் ஒரு மணி நேரம். துங்ரோ பிலிப்பைன்ஸின் இலோகானோ மொழிச் சொல். வளர்ச்சி குன்றியது என்று பொருள். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் இல்லை, இரண்டு. கோல் வடிவத்தது டி.என்.ஏ. வைரஸ், மஞ்சளும் குட்டையும் பெரும்பாலும் அதன் வேலை. ஆனால் அதற்குத் தனியாகப் பயணம் போகத் தெரியாது. உருண்டையானது ஆர்.என்.ஏ. வைரஸ், தனியாக இருந்தால் பயிரில் அடையாளமே அநேகமாகத் தெரியாது, ஆனால் பச்சைத் தத்துப்பூச்சியின் வாயில் ஏறிக்கொள்ளும். கோல் அதன் தயவில் ஊர் ஊராகப் போகிறது. கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி சொன்னது: “தோழன் இல்லாம மாப்பிள்ளை வரமாட்டேங்கிறான்.” சார்ட்டில் இதைத்தான் எழுதப்போகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மாமா சொன்ன சோதனை. 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடின், 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு. லேபில் மிஸ் கலந்து கொடுத்தார். பள்ளி விட்டு வந்து இலை நுனிகளை வெட்டி, 15 நிமிஷம் ஊறவைத்தேன். நோய் இலையில் மாவுச்சத்து தேங்கி நிற்பதால் கருநீலக் கோடு விழ வேண்டும். விழுந்தது. நல்ல இலையிலும் விழுந்தது. எல்லாம் பாழ்.

மாமா திட்டினார். பகலெல்லாம் வெயிலில் நின்ற இலையில் மாவுச்சத்து இல்லாமல் எப்படி இருக்கும்? விடியுமுன் வெட்டணும். ஒன்பதாம் வகுப்பிலேயே படித்ததுதான்.

நவம்பர் 14, வியாழன்

அஞ்சு மணி. அப்பா டார்ச் பிடித்தார், வரப்பெல்லாம் வழுக்கல். மஞ்சள் தூரில் பத்து இலை, பச்சைத் தூரில் பத்து. மஞ்சளில் எட்டில் நீலக்கோடு. பச்சையில் ஒன்றுகூட இல்லை. அப்பா இலைகளை ஒவ்வொன்றாக ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “அப்ப ஜிங்க்குக்குக் குடுத்த காசு?” என்றார். நான் நோட்டில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 16, சனி

கார்த்திகை ஒண்ணு. வைரஸுக்கு மருந்து கிடையாது. நோய் கண்ட தூரைப் பிடுங்கணும், பூச்சியைக் கட்டுப்படுத்தணும். துங்ரோ வரும் இடமென்றால் தூருக்கு இரண்டு தத்துப்பூச்சி இருந்தாலே உஷார். டெங்குக் கொசு வைரஸை ஆயுசு முழுக்கச் சுமக்கும். இந்தப் பூச்சியிடம் சில நாள்தான் தங்கும். சட்டை உரித்தால் அதுவும் போச்சு, மறுபடி நோய்ப் பயிரில் உறிஞ்ச வேண்டும். அப்படியென்றால் எங்கள் வயலுக்கு எங்கிருந்து வந்தது? பம்புசெட்டில் குறுவை அறுத்த பக்கத்து வயலில் தாள் மடக்கி உழாமல் கிடக்கிறது. மறுதாம்பு துளிர்த்து நிற்கிறது, அதிலும் மஞ்சள். சித்தப்பாவின் வயல். அப்பா சொல்லத் தயங்குகிறார்.

நவம்பர் 17, ஞாயிறு

மோட்டார் கொட்டகையில் பல்பு, அடியில் மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர்ப் பேசின். ஒரு மணி நேரத்தில் 63 பச்சைத் தத்துப்பூச்சி. இறக்கையில் கறுப்புப் பொட்டு வைத்தவை ஆண். பிரித்து எண்ணுவதற்குள் கண் பூத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ட்யூப்லைட்டைச் சுற்றி அதே பூச்சி.

“சோத்துல விழுது, லைட்ட அணைடி” என்றாள் அம்மா.

“இரும்மா, இன்னும் எண்ணி முடிக்கல.”