வாய்தாவுக்கு வராத மில்லர்

ஜாக் மில்லரை எனக்கு அறிமுகப்படுத்தியது யார் என்று ஞாபகம் இல்லை. 2008 ஜூனில் ஆயுத உரிமை பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் தீர்ப்பு வந்தபோது எங்கள் கோர்ட் பார் ரூமில் அதே பேச்சு. நடுவே மில்லரும் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டான். கொள்ளைக்கூட்டத்து ஆள். பதிவு செய்யாத, குழலறுத்த துப்பாக்கியை ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோனதாக 1934 சட்டப்படி வழக்கு. அந்தத் துப்பாக்கி கைமாறினால் அப்போது 200 டாலர் வரி. சட்டமே செல்லாது என்று கீழ்க்கோர்ட் சொல்ல, அரசு நேரே உச்ச நீதிமன்றம் போனது. அங்கே மில்லருக்காக யாரும் ஆஜராகவில்லை. வக்கீலுக்கு ஃபீஸ் வரவில்லை. 1939 மே மாதம் தீர்ப்பு வருவதற்குள் மில்லரை யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

எங்கள் சீனியருக்கு எக்ஸ்பார்ட்டி உத்தரவு என்றாலே ஆகாது. நம் கட்சிக்காரர் ஜெயித்தாலும் முகம் சுளிப்பார். "எதிராளி வாயத் திறக்காத தீர்ப்பு நிக்காதுப்பா. செட் அசைடு பெட்டிஷனோட வந்து நிப்பான் பாரு." அப்படித் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க நம்மூரில் 30 நாள் கெடு. மில்லர் விஷயத்தில் 69 வருடம் ஆனது.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791-இல் வந்தது. ஒற்றை வாக்கியம். முன்பாதி, நாட்டைக் காக்கும் குடிப்படை பற்றி. பின்பாதி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை பற்றி. முன்பாதி பின்பாதிக்குக் கடிவாளமா, வெறும் முகவுரையா? சண்டையே இதுதான். குழலறுத்த துப்பாக்கிக்கும் குடிப்படைக்கும் சம்பந்தம் இருப்பதாகச் சான்று இல்லை என்றது 1939 தீர்ப்பு. அதை வைத்தே, இந்த உரிமை குடிப்படைக்குத்தான், தனியாளுக்கு இல்லை என்று பல கோர்ட்டுகள் ஓட்டிக்கொண்டிருந்தன.

டிக் ஹெல்லர் வாஷிங்டனில் காவல் வேலை பார்த்தவர். வேலையிடத்தில் இடுப்பில் கைத்துப்பாக்கி. வீட்டில் வைக்க அனுமதி கிடையாது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் முதலில் மனுதாரர்கள் ஆறு பேர். அப்பீலில் ஐந்து பேருக்கு வழக்குத் தொடரத் தகுதியில்லை என்றாகிவிட்டது. முறைப்படி விண்ணப்பம் போட்டு, மறுப்பு வாங்கி வைத்திருந்தவர் ஹெல்லர் ஒருவர்தான். சீனியர் கேட்டிருந்தால் துள்ளியிருப்பார். "கிடைக்குதோ இல்லியோ, ஒரு மனுவப் போட்டு வை" என்பது அவருடைய வேதம்.

நம்மூரில் கதை வேறு. தன் லைசென்ஸ் துப்பாக்கியை எங்கள் பெரியப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். முணுமுணுப்பார், அவ்வளவுதான், அது உரிமை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் தப்பில்லை. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. அதை நினைவூட்டி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆளாளுக்குக் கடையில் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்று கேட்டு அம்பேத்கர் மறுத்துவிட்டார். அதோடு முடிந்தது. அமெரிக்காவில் முடியவே மாட்டேன் என்கிறது.

ஹெல்லர் வழக்கில் 5-4. தனியாளுக்கும் உரிமை உண்டு என்று எழுதிய ஸ்காலியாவும், மறுத்து எழுதிய ஸ்டீவன்ஸும் மில்லரைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். அந்த வழக்கில் எதிர்த்தரப்பு ஆஜராகவே இல்லை என்பதையும் ஸ்காலியா எடுத்துச் சொன்னார். சீனியர் பேச்சு!

பிறகு 2022-இல் ப்ரூயன் வழக்கு. துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் பழைய மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று நீதிபதி தாமஸ் எழுத, வக்கீல்கள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டப் புத்தகங்களைத் தூசு தட்ட ஆரம்பித்தார்கள். 2024-இல் ரஹிமி: குடும்ப வன்முறைத் தடை உத்தரவு உள்ளவன் துப்பாக்கி வைத்திருக்கலாமா? கூடாது என்றனர் எட்டுப் பேர். மறுத்தவர் தாமஸ் ஒருவர்தான். ப்ரூயனில் அவரோடு சேர்ந்திருந்த ஐந்து நீதிபதிகளும் இப்போது எதிர்ப்பக்கம்.