சூடு என்ற சொல்

மே 5
கத்திரி தொடங்கி இரண்டு நாள். பரமத்தி வேலூரில் நீர்க்கடுப்பு என்றாலே 'சூடு பிடிச்சிருக்கு' என்பார்கள். அந்தச் சூடு இறங்க, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கால் பெருவிரலுக்கும் ஏறும். அது வெள்ளையாகக் காய்ந்து உதிர்கிறது. கடுப்பு அங்கேயே இருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஈ.கோலை. குடலில் சாதுவாக இருக்கும் பாக்டீரியா, சிறுநீர்ப்பாதைக்குள் நுழைந்துவிட்டால் நோய். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆணுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்ணுக்கு 4. பெண்களையே இது அதிகம் வாட்டுவது இதனால்தான். நடத்தையும் சுத்தக்குறைவும் காரணம் என்று அவர்களைக் குற்றம் சொல்வது அநியாயம்.

மே 6
சூடு என்பது முழுப் பொய்யும் அல்ல.

மே 12
தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு, கிருமி இல்லாமலும் எரியும். இளநீர் குடித்தால் அடங்கும். அடிக்கடி தொற்று வந்த பெண்கள் தினமும் 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாட்டிமார் சொன்னதில் இவ்வளவு உண்மை உண்டு. ஆனால் ஒதுங்க இடமில்லாமல் வெற்றிலைக் கொடிக்காலில் நாள் முழுதும் வாயை நனைக்காத பெண்ணிடம் 'நிறையக் குடி' என்றால் போதுமா? கழிப்பறையும் வைத்தியத்தில் சேர்த்திதான். இன்னொன்று: தண்ணீர் காக்கும், வேரூன்றிய தொற்றைத் தண்ணீரை மட்டும் நம்பி விடக்கூடாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், விலா வலி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போதும் 'சூடு' என்று மூன்று நாள் கழிப்பதுதான் ஆபத்து.

மே 13
எரிச்சல் நின்றதும் மிச்ச ஆன்டிபயாடிக் மாத்திரையை டப்பாவில் போடுகிறோம். அடுத்த முறை அதே மாத்திரை. கோபமாக வருகிறது.

மே 21
'சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு நாள் ஆகும். கூலியை யார் தருவது?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எளிய கடுப்புக்குப் பல நேரம் கல்ச்சரே வேண்டாம். மருத்துவர் எழுதும் நைட்ரோஃபுரான்டாயின் பெரும்பாலும் ஐந்து நாளில் தீர்த்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால், காய்ச்சல் இருந்தால், கர்ப்பிணி என்றால், ஆணுக்கு வந்தால் கல்ச்சர் அவசியம். அங்கேயும் முடிவு வரும்வரை வலியைப் பொறுக்க வேண்டியதில்லை. சிறுநீரில் முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடித்துக் கொடுத்துவிட்டு அன்றே மாத்திரை தொடங்கலாம். வரிசை மாறினால் கிருமி முளைக்காமல் போகலாம். எந்த மருந்துக்கு அது பணியும் என்பதும் தெரியாமல் போகும். பழகிய சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பணியாத ஈ.கோலை இந்தியாவில் ஏராளம்.

மே 29
கத்திரி கழிந்தது. எரிச்சலே இல்லாத கர்ப்பிணியின் சிறுநீரிலும் கிருமி இருக்கலாம். விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கலாம். சூடு என்று சொல்லவும் அவளுக்கு ஒன்றுமில்லை. அவளை எந்தச் சொல் சொல்லிச் சோதனைக்கு அழைப்பது?