கொடுத்தேன் என்னும் சொல்

1967ஆம் ஆண்டு. இளங்குருமடத்தில் இலத்தீன் பயின்றுகொண்டிருந்தேன். நம் தமிழில் காலத்தையும் இடத்தையும் காட்டும் உறுப்புகள் பகுதிக்குப் பின்னரே வரும். இலத்தீனிலோ சில வினைகள், செயல் முடிந்ததைக் காட்டத் தம் முதல் ஒலியையே இரட்டித்துக்கொள்கின்றன. 'தோ' என்றால் கொடுக்கிறேன். 'தெதி' என்றால் கொடுத்தேன். 'பெல்லோ', தள்ளுகிறேன், 'பெப்புலி', தள்ளினேன்.

இவற்றோடு முன்னொட்டு ஒன்று சேர்ந்தால் இரட்டித்த அசை பெரும்பாலும் மறைந்துவிடும். 'எக்ஸ்பெல்லோ', வெளியேற்றுகிறேன், 'எக்ஸ்புலி', வெளியேற்றினேன். 'பெ' போய்விட்டது. 'தோ' முதலிய ஒரு சில வினைகளே இதற்கு விதிவிலக்கு. 'அப்பால்' எனப் பொருள்படும் முன்னொட்டுச் சேர்ந்து அது 'திராதோ' ஆகும்; அதன் இறந்தகாலம் 'திராதிதி'. 'தெதி' சற்றே உருமாறித் 'திதி'யாய் நிலைத்து நிற்கிறது.

இச்சொல்லுக்குக் கையளித்தல் என்றும் பொருள். காட்டிக்கொடுத்தல் என்றும் பொருள். இலத்தீன் விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 11ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில், புனித பவுல் தாம் பெற்றதைக் கையளித்ததற்கும், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்டதற்கும் இவ்வொரு வினையே வருகிறது. தமிழிலும் காட்டிக்கொடுத்தலுக்குள் ஒரு 'கொடுத்தல்' இருக்கிறதே!

இப்பாடம் நடந்த வாரத்தில், பக்கத்துக் கட்டிலில் உறங்கிய நண்பன் தலையணைக்கடியில் திரைப்பட இதழ் ஒன்றை மறைத்து வைத்திருந்தான். பொறுப்பாளரின் நன்மதிப்பைப் பெற விரும்பி அதை அவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினான். அவன் எனக்கு இரவல் தந்திருந்த இலத்தீன் இலக்கண நூல் என்னிடமே தங்கிவிட்டது. வெளியேற்றியவர் அதனை விரைவில் மறந்திருப்பார். என்னால் மறக்க இயலவில்லை. அந்நூலைத் திறக்கும்போதெல்லாம் 'திராதிதி' என் கண்முன் நின்றது.

சென்ற மாதம் அவன் ஊரைத் தேடிச் சென்றேன். நூலை அவன் கையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு அன்றே தெரியும். ஒருநாள் நீயே வந்து சொல்வாய் என்றிருந்தேன். இவ்வளவு காலம் ஆகும் என்று நினைக்கவில்லை" என்றான்.

'ரெத்திதி' என்றால் திருப்பிக் கொடுத்தேன் என்று பொருள். அதிலும் அந்தத் 'திதி' மறையவில்லை. நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அரை நூற்றாண்டுக்கு மேலான நட்பின் காலத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? அன்பர்களே, திருப்பிக் கொடுக்க வேண்டியது எதுவும் உங்களிடம் இருப்பின், என்னைப்போல் காலம் தாழ்த்தாதீர்கள்.