ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. புத்தகத்தில் மட்டும் படித்தது வாழ்க்கைக்குப் பயன்படாது என்பது அதன் பொருள். பட்டப்படிப்பையும் வங்கி வேலையையும் ஒரே காலத்தில் மேற்கொண்ட எனக்கு, அந்தப் பழமொழியைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் பட்டயக்கல்வியை முடித்தபோது என்முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முழுநேர மாணவியாகப் பல்கலைக்கழகத்தில் சேர்வது. மற்றொன்று, உடனே வேலைக்குச் செல்வது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு அறிமுகமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை-கல்விப் பட்டப்படிப்பு மூன்றாவது வழியைக் காட்டியது. இதில் மாணவர் ஒரு நிறுவனத்தில் சம்பளம் பெற்று வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கிறார். பல்கலைக்கழகமும் நிறுவனமும் இணைந்து பாடங்களை வடிவமைக்கின்றன. மாணவரின் திறனையும் இணைந்தே மதிப்பிடுகின்றன. இங்கிலாந்திலும் 2015 முதல் இதைப் போன்ற தொழிற்பயிற்சிப் பட்டப்படிப்புகள் நடைபெற்று வருகின்றன.

“இரண்டு படகில் கால் வைக்கிறாயே, முடியுமா?” என்று அம்மா கேட்டார். அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் நான் வங்கி ஊழியர்; இரண்டு நாள் மேலாண்மை மாணவி. சனிக்கிழமைகள் ஒப்படைப்புகளில் கரைந்தன. தோழிகள் விடுமுறைக்கு வெளிநாடு சென்றபோது நான் வங்கிக் கிளையில் வாடிக்கையாளர்களுக்கு வரிசை எண் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால், வேலை செய்தபடியே கற்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே செட்டியார்கள் சிங்கப்பூருக்கு வந்து வட்டித்தொழில் நடத்தினர். மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த அவர்களின் ‘கிட்டங்கி’களில் ஒரே கூடத்தில் பல கடைகள் இயங்கின. பகலில் கணக்கு எழுதிய இடமே இரவில் உறங்கும் இடமாகவும் இருந்தது. அங்கே ஓர் இளைஞர் ‘பெட்டியடிப் பையனாக’ வேலையில் சேர்வார். மூத்தவர்களைப் பார்த்து வட்டி கணக்கிடவும் பேரேடு எழுதவும் பழகுவார். பிறகு ‘அடுத்தாள்’ ஆவார். தேர்ந்தவர் ‘மேலாள்’ என்ற பொறுப்புக்கு உயர்ந்து கடையையே நடத்துவார். இன்று அந்த வட்டாரத்தில் வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. அந்த இளைஞருக்குக் கடை ஒன்றே ஆசான். எனக்கோ வகுப்பறை, வங்கி என இரண்டு ஆசான்கள். இரண்டும் எப்போதும் ஒரே பாடத்தைச் சொல்வதில்லை என்பதை மூன்றாம் ஆண்டில் உணர்ந்தேன்.

அந்த ஆண்டு, பணியிடத்தில் உள்ள ஒரு சிக்கலை ஆராய்ந்து தீர்வு காணும் திட்டப்பணி எங்களுக்குத் தரப்பட்டது. நான் பணியாற்றிய கிளை முதியவர்கள் அதிகம் வாழும் வீவக வட்டாரத்தில் இருந்தது. காலை முதல் மாலை வரை நீண்ட வரிசை நிற்கும். காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதே என் திட்டப்பணியாயிற்று.

வகுப்பில் ‘லிட்டில் விதி’யைப் படித்திருந்தோம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் அதை நிறுவினார். ஓர் இடத்திற்கு ஒரு மணி நேரத்தில் வருவோரின் எண்ணிக்கையை, ஒருவர் அங்கே செலவிடும் சராசரி நேரத்தால் பெருக்கினால், அங்கே இருப்போரின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 18 பேர் வந்து, ஒவ்வொருவரும் 20 நிமிடம், அதாவது மணியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இருந்தால், எந்நேரமும் சராசரியாக 6 பேர் இருப்பர்.

கையில் கடிகாரத்துடன் இரண்டு வாரம் நேரத்தைக் குறித்தேன். முதல் இரண்டு முகப்புகளிலும் வேலை விரைவாக முடிந்தது. மூன்றாம் முகப்பில் மட்டும் இருமடங்கு நேரம் ஆனது. அங்கே இருந்தவர் கிளையிலேயே மூத்த ஊழியர். என் அறிக்கையைக் கொண்டு, எல்லா முகப்புகளுக்கும் நேர வரம்பு விதிக்கலாம் எனக் கிளை மேலாளர் எண்ணியிருந்தார். அப்படி நடந்தால் அந்த மூத்த ஊழியரின் பணி மதிப்பீடு நிச்சயம் குறையும்.

“எண் ‘எவ்வளவு’ என்று சொல்லும். ‘ஏன்’ என்பதை நீங்கள்தாம் நேரில் போய்ப் பார்க்கவேண்டும்,” என்று எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார். அதனால், ஒருநாள் மூன்றாம் முகப்பின் அருகில் அமர்ந்து கவனித்தேன்.

எழுபது வயதைக் கடந்த ஒருவர் வந்தார். தம் சேமிப்பு முழுவதையும் வேறொரு கணக்கிற்கு மாற்றவேண்டும் என்றார். அவருடைய சட்டைப் பையில் இருந்த கைப்பேசியில் அழைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. மூத்த ஊழியர் அவசரப்படவில்லை. ஹோக்கியன் மொழியில் நலம் விசாரித்தார். பிறகு, மெதுவாகக் கேட்டார்: “அங்கிள், இந்தப் பணம் யாருக்கு? அவரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? யாரிடமும் சொல்லக்கூடாது என்று எவராவது உங்களிடம் சொன்னார்களா?”

மூன்றாம் கேள்விக்கு முதியவர் பதில் சொல்லவில்லை. அவருடைய கைகள் நடுங்கின. காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர், பணத்தைப் ‘பாதுகாப்பான கணக்கிற்கு’ மாற்றும்படி மிரட்டியிருக்கிறார். உடனே பணமாற்றம் நிறுத்தப்பட்டது. காவல்துறைக்குத் தகவல் போனது. இவ்வளவும் முடிய 25 நிமிடம் ஆயிற்று. வரிசையில் நின்ற சிலர் முணுமுணுத்தனர். என் குறிப்பேட்டில் அது ‘தாமதம்’. அந்த முதியவருக்கோ அது வாழ்நாள் உழைப்பு காப்பாற்றப்பட்ட நேரம்.

அன்றிரவு லிட்டில் விதியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வரிசையைக் குறைக்க ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரத்தைக் குறைப்பது ஒரு வழி. முகப்புக்கு வருவோரின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வழி. என் குறிப்புகளைப் புரட்டினேன். கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்யவும் சிறு தொகை எடுக்கவும் வந்தவர்களே வரிசையில் அதிகம். இயந்திரத்தைப் பயன்படுத்தத் தெரியாததால் அவர்கள் முகப்புக்கு வந்தார்கள்.

வாசலில் ஓர் ஊழியரை நிறுத்தி, அத்தகையோருக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தக் கற்றுத்தரலாம் என்று அறிக்கையில் எழுதினேன். பெருந்தொகை மாற்ற வரும் முதியவர்களுக்கு மூன்றாம் முகப்பை ஒதுக்கவேண்டும். அங்கே நேர வரம்பு கூடாது என்றும் பரிந்துரைத்தேன். மேலாளர் கணக்கைப் பார்த்தார். பல கேள்விகள் கேட்டார். ஒரு மாதம் முயன்று பார்க்க இசைந்தார். வரிசை குறைந்தது. மூன்றாம் முகப்பு மட்டும் எப்போதும்போல் மெதுவாகவே இயங்கியது.

வங்கியில் மட்டும் இருந்திருந்தால், மூத்த ஊழியர் செய்வது சரி என்று என் மனத்துக்குப் பட்டிருக்கும். அதை மேலாளரிடம் நிறுவ வழி தெரிந்திருக்காது. வகுப்பில் மட்டும் இருந்திருந்தால், சூத்திரம் தெரிந்திருக்கும். அந்த நடுங்கிய கைகளைக் கண்டிருக்கமாட்டேன்.

மாணவர்களே, நீங்கள் முழுநேரமாகப் படிக்கலாம். வேலை செய்துகொண்டும் படிக்கலாம். எந்த வழியில் சென்றாலும், கற்றதை மனிதர்களிடையே கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே கண்டதை மீண்டும் பாடத்தோடு ஒப்பிடுங்கள். ஏட்டுச் சுரைக்காயை நட்டு வளர்க்க மண் வேண்டும். அந்த மண் கிடைத்துவிட்டால், அதுவும் கறிக்கு உதவும்.