சங்கர்–கணேஷுக்காக ஒரு கீபோர்டுக்காரன்

மெல்லிசைக் கச்சேரி வாசிக்கிறவர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எம்.எஸ்.வி.யில் தொடங்கி இளையராஜாவில் வந்து நிற்கும். இளவட்டங்கள் இருந்தால் ரஹ்மான் வரைக்கும் போகும். அந்த இடத்தில் ஒருவர் ‘எனக்கு சங்கர்–கணேஷ் பாட்டு பிடிக்கும்’ என்று சொன்னால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அவருக்கு எவ்வளவு ஞானம் இருக்கும் என்று மற்றவர்கள் அப்போதே முடிவு கட்டிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்கிறவன். கீபோர்டு வாசிப்பதுதான் என் பிழைப்பு. சொந்த ஊர் செஞ்சி வட்டத்து அனந்தபுரம். ஆடியில் அம்மன் கோயில்கள், மாசியில் மயானக்கொள்ளை, பங்குனி உத்திரத்துக்கு மயிலம் பக்கம், நடுநடுவே கல்யாணம், காதுகுத்து என்று விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலேயே என் ராத்திரிகள் கழிந்திருக்கின்றன. அந்த மேடைகளில் வாசித்துத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

சங்கர் கணேஷ் என்பதை ஒரே ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பேர். சங்கர், சி.ஆர்.சுப்பராமனின் தம்பி. ‘தேவதாஸ்’ படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்தபோதே 1952இல் சின்ன வயதில் இறந்துபோன மேதை சுப்பராமன். அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும்தான் மிச்ச வேலையை முடித்தார்கள். பிறகு தாங்களே இரட்டையர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் உதவியாளர்களாகப் போய்ச் சேர்ந்தவர்கள் சங்கரும் கணேஷும். அண்ணனிடம் கற்றவர்களிடம் தம்பி கற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட வழியில் வந்தவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரிப் பேசுவது எனக்குத் தாங்குவதில்லை.

இவர்கள் இசையமைத்த சின்னப்பா தேவரின் ‘மகராசி’ 1967இல் வந்தது. அதற்கு ஐந்து வருடம் கழித்து, ஒரே ஆண்டில் எம்.ஜி.ஆர். படங்கள் இரண்டு அவர்கள் கைக்கு வந்தன: ‘நான் ஏன் பிறந்தேன்’, ‘இதய வீணை’. இரண்டாவது படம் வெளியானது 1972 அக்டோபரில். அ.தி.மு.க. பிறந்ததும் அதே மாதம்தான். தமிழ்நாடே எம்.ஜி.ஆரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் திரையரங்குகளில் ஒலித்தது இவர்கள் போட்ட மெட்டு. ‘பொன்னந்தி மாலைப் பொழுது’ இந்தப் படத்துப் பாட்டுதான். அதை விஸ்வநாதன் பாட்டு என்று அடித்துச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாட்டு பிடித்துப்போனால் அதை வேறொருவர் கணக்கில் எழுதிவிடுவது இவர்கள் விஷயத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இனி மேடைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் திருவிழா என்றால் திறந்தவெளி. அறுவடை முடிந்த கொல்லையிலோ ஏரிக்கரை ஓரத்திலோ மேடை போட்டிருப்பார்கள். சுவர் இல்லாத இடத்தில் சத்தம் எங்கும் மோதித் திரும்பாது; போனது போனதுதான். முன்பெல்லாம் புளியமரத்திலும் கம்பத்திலும் புனல் மாதிரி இருக்கும் குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்கள். குழாய் ஸ்பீக்கர் குரலை வெகுதூரம் கொண்டுபோகும். ஆனால் பேஸ் கிடாரை விழுங்கிவிடும். பின்னால் மெதுவாக இழைகிற வயலின்களும் காற்றில் கரைந்துவிடும். குரலும், நடுக்கட்டையில் தனியாகப் பேசுகிற ஒரு வாத்தியமும், தாளத்தின் அடியும்தான் அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சேரும்.

இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாட்டுப் பாடும் என்பதை எங்கள் தலைமுறை வெகுநாள் கழித்து, நல்ல டேப் ரெக்கார்டர் வாங்கிய பிறகுதான் கேட்டது. ஊர்க் குழாயில் அது வந்ததே இல்லை. சங்கர்–கணேஷ் பாட்டு அந்தக் குழாயில் முழுசாக வந்தது. ஒரு வாத்தியம் பேசி முடித்ததும் அடுத்தது பேசும். குரல் வந்துவிட்டால் எல்லாம் ஒதுங்கி வழிவிடும். ‘அவர்கள் இசைக்கோவையில் அடர்த்தி இல்லை’ என்பவர்கள் அறைக்குள் உட்கார்ந்து கேட்கிறவர்கள். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. கூத்துக்காரர் குரல் கடைசி வரிசைத் திண்ணைக்கும் எட்ட வேண்டும் என்பது இந்த மண்ணின் இலக்கணம். அதே இலக்கணம் இவர்கள் மெட்டுகளிலும் இருக்கிறது.

ஆள் கணக்கு இன்னொன்று. சென்னையிலிருந்து வருகிற பெரிய குழுவில் வயலின், புல்லாங்குழல், ஷெனாய் எல்லாம் இருக்கும். எங்களைப் போன்ற செட்டில் இரண்டு கீபோர்டு, ஒரு பேஸ், தபேலா, ரிதம் பேட், பாடுகிறவர்கள் மூன்று பேர். ஊர்க்காரர்கள் தருகிற பணத்துக்கு அவ்வளவுதான் முடியும். இந்த ஆட்களை வைத்து ஒரு ராஜா பாட்டு எடுத்தால் இடையிசையில் என் இரண்டு கையும் போதாது. வலது கையில் குழல், இடது கையில் வயலின், நடுவில் டோன் மாற்ற ஒரு விரல். இத்தனைக்கும் பிறகு முன்வரிசையில் ஒருவர் ‘அந்த பிட்டு வரலையே’ என்பார். அவர் சொல்வது சரிதான், அந்தப் பாட்டின் உயிர் பாதி அந்த பிட்டில் இருக்கிறது. அது இல்லாமல் வாசிப்பது ராஜாவுக்குச் செய்கிற துரோகம்.

சங்கர்–கணேஷ் பாட்டில் உயிர் பல்லவியிலேயே இருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எழுந்திருக்காத நேரத்தில் ஒரு தபேலாவும் ஒரு குரலும் போதும், பாட்டு நிற்கும். இதை நான் பல ஊர்களில் கண்ணால் பார்த்தேன். மெட்டை அப்படிக் கட்டுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு பல்லவி போட்டுப் பார்க்கட்டும். ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறை கூடவே பாட வேண்டும். அதே சமயம் பத்தாம் முறை கேட்கும்போது சலிக்கவும் கூடாது.

‘கன்னிப் பருவத்திலே’ (1979) படத்தில் மலேசியா வாசுதேவன் பாடிய ‘பட்டு வண்ண ரோசாவாம்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு கேட்டு எங்கள் மேடைக்கு வருகிற சீட்டுகளில் அதற்கு இன்னும் இடம் உண்டு. எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பகலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்த பெண்கள் பேரனிடம் சொல்லி எழுதி அனுப்புவார்கள். எங்கள் கிடார் தம்பி ஒருமுறை, “அண்ணே, இது வேணாம்ணே, கூட்டம் எழுந்து போயிடும்” என்றான். பாடினோம். கூட்டம் போகவில்லை, பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் வாய் அசைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டில் அழுகை இருக்கிறது, ஆனால் பாடகரை அழ விடாத மெட்டு அது. சுரம் அதிகம் ஏறாது. நாட்டுப்புற ஒப்பாரியின் நடையில் ஒரு வீட்டு ஆள் பேசுகிற உயரத்திலேயே போகும். கீபோர்டில் அதற்கு நான் அலங்காரம் எதுவும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் கெட்டுவிடும்.

எளிமையான மெட்டு மட்டும்தான் வரும் என்பவர்களுக்கு ‘நட்சத்திரம்’ (1980) படத்தின் ‘அவள் ஒரு மேனகை’. எஸ்.பி.பி. பாடியது. எங்கள் பாடகர்கள் அதைத் தொடுவதற்கு முன் நாள் கணக்கில் பயிற்சி எடுப்பார்கள். மூச்சு கொஞ்சம் தப்பினாலும் மேடையில் தெரிந்துவிடும். அடுத்த வருடம் வந்தது ‘சிவப்பு மல்லி’. ‘எரிமலை எப்படிப் பொறுக்கும்’ பாட்டை இடதுசாரி மேடைகளில் கேட்கலாம். அதே படத்தில்தான் ‘ரெண்டு கன்னம் சந்தனக் கிண்ணம்’ என்ற கொஞ்சலும் இருக்கிறது. அதே 1981இல்தான் ‘பாலைவனச் சோலை’யும். ஐந்தாண்டு தள்ளி, ஏவி.எம்.மின் ‘சம்சாரம் அது மின்சாரம்’. தேசிய விருது வாங்கிய குடும்பப் படம். ஒரே கையெழுத்து இருக்கிற ஆட்களால் இத்தனை வகை வராது.

அவர்களுக்குக் கிடைத்த படங்களையும் பார்க்க வேண்டும். ஆடு, யானை, பாம்பு என்று விலங்குகளை வைத்து எடுத்த படங்கள் எத்தனையோ. ‘ஆட்டுக்கார அலமேலு’, ‘தாய் மீது சத்தியம்’ என்று தேவர் நிறுவனம்; பிறகு ராம.நாராயணனின் அம்மன் படங்கள். ‘ஆடி வெள்ளி’ (1990) வந்தபோது எங்கள் பக்கத்துத் தியேட்டரில் சாமியாடியவர்கள் உண்டு. இந்தப் படங்களை விமரிசகர்கள் மதிக்கவில்லை. படத்தோடு சேர்த்துப் பாட்டையும் தள்ளிவிட்டார்கள். ராஜாவுக்கு பாரதிராஜா, மகேந்திரன், பாலுமகேந்திரா இருந்தார்கள். அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது கண்முன் அந்தக் காட்சியும் சேர்ந்து வந்து நிற்கும். சங்கர்–கணேஷ் பாட்டு பலவற்றுக்குப் படம் மறந்துபோய்விட்டது. யார் நடித்தார்கள் என்றுகூடத் தெரியாது. பாட்டு மட்டும் தனியாக மிஞ்சியிருக்கிறது. அதனால் கேட்கிறவர் தன் சொந்த வாழ்க்கையை அதில் வைத்துக் கேட்கிறார். சீட்டு அனுப்புகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

‘காப்பி அடித்தவர்கள்’ என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இந்தியிலிருந்து மெட்டு வந்தது உண்டு. இந்திப் படத்தின் உரிமையை வாங்குகிற தயாரிப்பாளர், அதே மெட்டு வேண்டும் என்று கேட்பது தமிழ் சினிமாவில் ஐம்பதுகளிலிருந்தே நடந்தது. பெரிய பெயர்களும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ‘பாலைவனச் சோலை’யில் வாணி ஜெயராம் பாடிய ‘மேகமே மேகமே’யில் ஜக்ஜித் சிங்கின் கஜல் ஒன்றின் சாயல் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தவன் நான். கஜல் பாடுகிறவர் ஓர் அடியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், சபை காத்திருக்கும். சினிமாப் பாட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. சில நிமிடத்துக்குள் பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் வந்து முடிய வேண்டும். வைரமுத்துவின் தமிழ்ச் சொற்களுக்கு நெடில் நீளவும் குறில் சுருங்கவும் இடம் பண்ண வேண்டும். கஜலில் இருப்பது தோற்றவனின் மயக்கம். இந்தப் பாட்டில் இருப்பது சாகப்போகிற ஒரு பெண்ணின் அமைதி. எடுத்த இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை வாசிக்கும்போது என் விரல் உணர்வது, வாங்கி வந்த துணியைத் தைத்து ஓர் உடம்புக்குப் பொருத்திய தையல்காரரின் வேலையை.

அவசரத்தில் போட்ட பாட்டுகளும் அவர்களிடம் நிறைய. நூற்றுக்கணக்கான படம் செய்தவர்களிடம் அது இருக்கும். அவற்றை நான் வாசிப்பதும் இல்லை, வாதாடுவதும் இல்லை.

மக்கள் பாடுகிற பாட்டை மதிப்புப் போடுகிறவர்கள் ஒதுக்குவது பிற நாட்டிலும் நடந்திருக்கிறது. ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழு 1974இல் யூரோவிஷன் போட்டியில் வென்றது. மறு ஆண்டு போட்டி ஸ்டாக்ஹோமில் நடந்தபோது, வியாபார இசை வேண்டாம் என்று அந்த நாட்டு இசைக்காரர்களே எதிர் விழா நடத்தினார்கள். அப்பா பாட்டு பிடிக்கும் என்று சொல்வது அந்த வட்டத்தில் கௌரவக் குறைவு. 2013இல் அதே நகரத்தில் அவர்களுக்கு அருங்காட்சியகம் திறந்தாகிவிட்டது. ரசிகர்கள் அந்த நாற்பது வருடமும் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். மாறியது மதிப்புப் போடுகிறவர்கள்தான்.

நம் ஊரில் எனக்கு அருங்காட்சியகம் வேண்டாம். வேண்டியது வேறொன்று. அந்தப் பாட்டுகளில் பாங்கோஸ் வாசித்தது யார், மாண்டலின் யார், பிட்டு எழுதிக் கொடுத்தது யார் என்று தேடினால் இரட்டையர் பெயரைத் தாண்டி எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. இளையராஜாவுக்கு வாசித்தவர்களிடம் பேட்டி எடுத்து எழுதுகிறார்கள், நல்ல காரியம். அந்த மைக்கைத் தூக்கிக்கொண்டு சங்கர்–கணேஷுக்கு வாசித்தவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும். எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள். ‘மேகமே மேகமே’யின் இடையிசையை எங்கள் செட்டின் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, இதை முதலில் வாசித்தவர் இன்னார் என்று பெயரோடு சொல்லிக் கொடுக்க எனக்கு ஆசை.